5 ஓட்டுக்கு ஒரு பூத்... மொத்த லடாக்குக்கும் ஒரே எம்.பி!

சியாச்சின் பனிமலைக்குப் போகும் வழியில் வர்ஷி என்று ஒரு குட்டிக் கிராமம். 2024 மே 20-ம் தேதி, நாடாளுமன்றத் தேர்தலுக்காக அங்கே ஒரு வாக்குச்சாவடி திறக்கப்பட்டது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், விரலில் வைக்கும் மை, அதிகாரிகள், காவலர்கள் என எந்த ஏற்பாட்டிலும் குறை இல்லை. வாக்காளர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்தே ஐந்து பேர். எல்லோரும் ஒரே குடும்பம்!

வாக்காளரின் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாக்குச்சாவடி இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. அதற்காக ஐந்து பேரைத் தேடி ஜனநாயகம் மலையேறிப் போனது. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது அல்லவா?

ஆனால் அந்த ஐந்து பேரும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மற்ற எல்லோரும் சேர்ந்து டெல்லிக்கு அனுப்பக்கூடியது ஒரே ஒரு எம்.பி-யைத்தான். எம்.எல்.ஏ கிடையாது. முதலமைச்சர் கிடையாது. மாநிலங்களவையிலும் இடம் கிடையாது. இந்தியாவின் வடக்கு உச்சியில் இருக்கும் லடாக் தொகுதியின் கதை இதுதான்.

எவ்வளவு பெரிசு?

பரப்பளவில் இந்தியாவின் மிகப்பெரிய மக்களவைத் தொகுதி லடாக். அரசு ஆவணப்படி 1,73,266 சதுர கிலோமீட்டர். இதில் பாகிஸ்தான், சீனா வசம் இருக்கும் பகுதிகளும் அடக்கம். அவற்றைக் கழித்துவிட்டு, நம் நிர்வாகத்தில் இருப்பதை மட்டும் கணக்கிட்டாலும் சுமார் 59,000 சதுர கிலோமீட்டர் வருகிறது. டெல்லியின் சாந்தினி சவுக் தொகுதியோ இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அங்கே ஓட்டு கேட்டு நடந்தே முடித்துவிடலாம். லடாக்கில் ஒரு வேட்பாளர் தொகுதியை முழுசாகச் சுற்றிவர வாரக்கணக்கில் ஆகும்.

மக்கள்தொகையோ, 2011 கணக்கெடுப்பின்படி 2,74,289 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர்கூட இல்லை. வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2024 தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு எம்.பி தொகுதிக்குச் சராசரியாக 16 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

ஸோஜி லா: கதவு திறக்கும் இடம்

ஸ்ரீநகரிலிருந்து லே நகரத்துக்குச் சாலை வழியாக 420 கிலோமீட்டர். சோனாமார்க்கின் பச்சைப் புல்வெளிகளைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக ஏறும். சுமார் 11,500 அடி உயரத்தில் ஸோஜி லா கணவாய். 'லா' என்றாலே கணவாய்தான். ஒரு பக்கம் காஷ்மீரின் பைன் மரங்கள். மறுபக்கம் இறங்கினால் ஒரு மரம்கூட இல்லை. பழுப்பு, சாம்பல், ஊதா என்று மண்தான் நிறம் மாறிக்கொண்டே வருகிறது.

குளிர்காலத்தில் பனி மூடினால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். காய்கறி லாரிகள் நின்றுபோகும். அதனால் இங்குள்ள வீடுகளில் வெயில் காலம் முழுக்க, குளிர்காலத்துக்கான சேமிப்பு வேலைதான். ஆப்ரிகாட் பழத்தைக் காய வைப்பார்கள், கீரையை உலர்த்துவார்கள், முள்ளங்கியையும் உருளைக்கிழங்கையும் மண்ணுக்கடியில் பத்திரப்படுத்துவார்கள். வருடம் முழுக்கப் போய்வர வசதியாக ஸோஜி லாவில் சுரங்கப்பாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கணவாயைத் தாண்டினால் திராஸ். உலகில் மக்கள் வசிக்கும் இரண்டாவது குளிரான இடம் என்று இங்கே பெருமையோடு போர்டு வைத்திருக்கிறார்கள். 1999 கார்கில் போரின் நினைவகமும் இங்கேதான். பின்னால் டோலோலிங் மலை நிற்க, முன்னால் வீரர்களின் பெயர்கள் பொறித்த சுவர். அங்கே வருகிறவர்கள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

அடுத்து கார்கில் நகரம். 'கார்கில்' என்றாலே நமக்குப் போர்தான் ஞாபகம் வரும். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது சுரு நதிக்கரையில் இருக்கும் சொந்த ஊர். கடைத்தெரு, பள்ளிவாசல்கள், தந்தூர் ரொட்டி அடுக்கிய கடைகள் என எப்போதும் பரபரப்பு. மக்களில் பெரும்பாலானோர் ஷியா முஸ்லிம்கள். இஸ்லாமியா ஸ்கூல், இமாம் கொமைனி மெமோரியல் டிரஸ்ட் என்று இரண்டு மத அமைப்புகளுக்கு இங்கே பெரிய செல்வாக்கு உண்டு. தேர்தல் நேரத்தில் இந்த இரண்டும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை லே நகரத்தில் இருப்பவர்களும் கூர்ந்து கவனிப்பார்கள்.

கார்கிலுக்குப் பயணிகள் விமான சேவை கிடையாது. குளிர்காலத்தில் அவசரமாக ஸ்ரீநகருக்கோ ஜம்முவுக்கோ போக வேண்டுமென்றால், விமானப் படையின் ஏ.என்-32 விமானம்தான் துணை. 'கார்கில் கூரியர்' என்று அதற்குப் பெயர். வானிலை சரியில்லை என்றால் அதுவும் இல்லை. நோயாளிகள், பரீட்சை எழுதப் போகும் மாணவர்கள் என எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு மலை தாண்டினால் கணக்கு மாறும்

கார்கிலிலிருந்து கிழக்கே போனால், முல்பெக்கில் பாறையில் செதுக்கிய மைத்ரேய புத்தர் ஓங்கி நிற்கிறார். நமிகா லா, ஃபோடு லா என இரண்டு கணவாய்களை ஏறி இறங்கினால் லாமாயுரு. நிலவில் கால் வைத்தது போன்ற மஞ்சள் மண்மேடுகளுக்கு நடுவே மிகப் பழமையான புத்த மடாலயம். சாலையோரம் ஐந்து வண்ணப் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கின்றன. சில மணி நேரப் பயணத்தில் பாங்கு ஓசை தேய்ந்து, மடாலயத்தின் மணியோசை கேட்கத் தொடங்கிவிடும்.

தொகுதியின் அரசியலும் இந்தச் சாலையைப் போலத்தான். 2011 கணக்கெடுப்பின்படி லே மாவட்டத்தில் 1,33,487 பேர், கார்கில் மாவட்டத்தில் 1,40,802 பேர். ஏறக்குறைய சமம். லேயில் புத்த மதத்தினர் அதிகம். கார்கிலில் முஸ்லிம்கள் அதிகம். பல தேர்தல்களில் இங்கே கேட்கப்பட்ட கேள்வி 'எந்தக் கட்சி?' என்பது அல்ல. 'லே-யா, கார்கிலா?' என்பதுதான். எந்தப் பக்கம் ஒரே வேட்பாளரோடு நிற்கிறது, எந்தப் பக்கம் இரண்டாகப் பிரிகிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது.

2014-ல் இரண்டு பக்கமும் பிரிந்தன. நான்கு வேட்பாளர்கள் ஆளுக்குச் சுமார் 26,000-லிருந்து 31,000 ஓட்டுகள் வாங்கினார்கள். பா.ஜ.க-வின் துப்ஸ்தான் சேவாங் ஜெயித்தார். வித்தியாசம் எவ்வளவு? வெறும் 36 ஓட்டு! வர்ஷி மாதிரி எட்டுக் குடும்பங்கள் மனம் மாறியிருந்தால் எம்.பி மாறியிருப்பார். ஆள் இல்லாத ஊருக்கு எதற்கு பூத் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

2019-ல் கார்கில் தரப்பு இரண்டு சுயேச்சைகளுக்கு இடையே பிரிந்தது. இருவரின் ஓட்டுகளையும் கூட்டினால் 60,000-க்கும் மேல். ஆனால் 42,914 ஓட்டு வாங்கிய பா.ஜ.க-வின் ஜம்யாங் செரிங் நம்க்யால் வென்றார். 2024-ல் காட்சி அப்படியே தலைகீழ். பா.ஜ.க, காங்கிரஸ் இரண்டுமே லே பகுதிக்காரர்களை நிறுத்தின. கார்கில் ஒரே வேட்பாளரின் பின்னால் நின்றது. சுயேச்சையாகப் போட்டியிட்ட முகமது ஹனீஃபா சுமார் 28,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் அதற்கு முன்பு தேசிய மாநாட்டுக் கட்சியின் கார்கில் நிர்வாகி. காங்கிரஸ் வேட்பாளரை ஆதரிக்கச் சொன்ன மேலிடத்தோடு முரண்பட்டு, கார்கில் நிர்வாகிகள் கூண்டோடு கட்சியை விட்டு விலகியிருந்தார்கள்.

துறவி, ராணி, இளைஞர்

லே விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் முதலில் பார்க்கும் பெயர், குஷோக் பகுலா ரின்போச்சே. விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். லடாக்கின் முதல் மக்களவை உறுப்பினர் அவர். 1967, 1971 என இரண்டு முறை வென்ற புத்தத் துறவி.

அதற்கு முன்பே ஜம்மு காஷ்மீர் சட்டசபையில் அவர் உறுப்பினராக இருந்தார். 1952-ல் பட்ஜெட் விவாதத்தில், லடாக்குக்கு ஒன்றுமே ஒதுக்கவில்லை என்று லடாக்கி மொழியிலேயே பேசினார். சபையில் இருந்த பெரும்பாலானோருக்கு அந்த மொழி புரியாது. தன் மக்களின் குறையைத் தன் மக்களின் மொழியில்தான் சொல்வேன் என்று அவர் நின்றதை இன்றும் லடாக்கில் நினைவுகூர்கிறார்கள். பின்னாளில் மங்கோலியாவுக்கான இந்தியத் தூதராகப் பத்து ஆண்டுகள் இருந்தார்.

1977-ல் தொகுதியை வென்றவர் ஒரு ராணி. லடாக் அரச குடும்பத்தைச் சேர்ந்த பார்வதி தேவி. இத்தனை ஆண்டுகளில் லடாக் அனுப்பிய ஒரே பெண் எம்.பி அவர்தான். லேயை அடுத்த ஸ்டோக் கிராமத்தில் அந்தக் குடும்பத்தின் அரண்மனையை இன்றும் சுற்றிப் பார்க்கலாம்.

2019 ஆகஸ்ட் 6 அன்று மக்களவையில் ஒரு பேச்சு நாடு முழுக்க வைரலானது. பேசியவர் அப்போது முதன்முறை எம்.பி-யாகியிருந்த ஜம்யாங் செரிங் நம்க்யால். ஜம்மு காஷ்மீரிலிருந்து பிரித்து லடாக்கை யூனியன் பிரதேசமாக்கும் மசோதாவை ஆதரித்து அவர் பேசினார். லே வீதிகளில் ஆட்டம் பாட்டம். கார்கிலிலோ எதிர்ப்பு. அதே ஆண்டு அக்டோபர் 31-ல் லடாக் தனி யூனியன் பிரதேசமானது.

ஐந்து வருடம் கழித்து, அதே எம்.பி-க்குக் கட்சி மறுபடி சீட் கொடுக்கவில்லை. அதற்குள் லே வீதிகளின் மனநிலையும் மாறியிருந்தது.

நான்கு எம்.எல்.ஏ எங்கே போனார்கள்?

பழைய ஜம்மு காஷ்மீர் சட்டசபையில் நுப்ரா, லே, கார்கில், ஜான்ஸ்கர் என லடாக்குக்கு நான்கு இடங்கள் இருந்தன. 87 பேரில் நான்கு பேர். குரல் சிறியதுதான், ஆனால் இருந்தது. புதிய யூனியன் பிரதேசத்துக்குச் சட்டசபையே இல்லை. அதனால் அந்த நான்கும் போயின. துணைநிலை ஆளுநரும் அதிகாரிகளும்தான் நிர்வாகம்.

மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பெரிய அமைப்பு என்று மிஞ்சியிருப்பவை இரண்டு மலை வளர்ச்சி கவுன்சில்கள். லேயில் 1995-லும் கார்கிலில் 2003-லும் தொடங்கியவை. சாலை, பள்ளி, குடிநீர் என்று வேலை பார்க்கலாம். சட்டம் இயற்ற முடியாது.

சிறப்பு அந்தஸ்து போனதும் நிலத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் இருந்த பழைய பாதுகாப்பும் போனது. லடாக் மக்களில் 97 சதவிகிதத்துக்கும் மேல் பழங்குடியினர் என்கிறது தேசியப் பழங்குடியினர் ஆணையம். 2019-லேயே, லடாக்கை அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்ததும் அந்த ஆணையம்தான். அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் இருப்பதைப் போல, நிலம், காடு, வழக்கம் பற்றிச் சொந்தமாகச் சட்டம் இயற்றும் தன்னாட்சிக் கவுன்சில்களை அமைக்க வழிசெய்யும் அட்டவணை அது.

ஹான்லே வானமும் சாங்தாங் புல்வெளியும்

லேயிலிருந்து தென்கிழக்கே சிந்து நதியைப் பிடித்துக்கொண்டே போனால் சாங்தாங் பீடபூமி. 14,000 அடிக்கு மேல் உயரம். இங்கே வாழும் சாங்பா மக்கள் ஆடுகளோடும் யாக்குகளோடும் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள். பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பஷ்மினா சால்வையின் முதல் இழை, இந்த ஆடுகளின் கழுத்திலும் வயிற்றிலும் குளிருக்காக முளைக்கும் மெல்லிய ரோமம்தான்.

இதே சாங்தாங்கின் பாங் பகுதியில் 13 கிகாவாட் அளவுக்குச் சூரிய மின்சாரம் முதலான பசுமை எரிசக்தித் திட்டம் வரவிருக்கிறது. நாட்டுக்கு மின்சாரம் தேவைதான். ஆனால் 'வெறும் நிலம்' என்று வரைபடத்தில் தெரிவது, சாங்பா மக்களுக்குக் குளிர்கால மேய்ச்சல் நிலம். அதைப் பற்றி யாரிடம் பேசுவது? எந்தச் சபையில் கேள்வி எழுப்புவது? பிரதிநிதித்துவம் என்ற கனமான சொல்லுக்கு இங்கே எளிமையான அர்த்தம் இதுதான்.

சாங்தாங்கின் கோடியில் ஹான்லே. இருட்டினால் பால்வீதி தலைக்கு மேல் ஆறு மாதிரி ஓடும். 2022-ல் இது இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வீட்டு விளக்கின் வெளிச்சம்கூட மேல்நோக்கிச் சிதறாமல் கிராமத்தினர் பார்த்துக்கொள்கிறார்கள். மலை மேல் இருக்கும் வானியல் ஆய்வகத்தை நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். நம் கொடைக்கானலிலும் காவலூரிலும் இருக்கும் ஆய்வகங்களை நடத்துவதும் அதே நிறுவனம்தான்.

பனியாற்றின் மேல் நடந்த ஊர்

ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கு நீண்ட காலம் குளிர்காலத்தில் தனித்தீவாக இருந்தது. ஆறு உறைந்ததும் அந்தப் பனித்தட்டின் மேல் நாள்கணக்கில் நடந்துதான் மக்கள் லேக்கு வருவார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அப்படியே. 'சாதர்' என்று அந்தப் பாதைக்குப் பெயர். இப்போது சுற்றுலாப் பயணிகள் சாகசத்துக்காக நடக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பிழைப்பு. 2024 மார்ச்சில் நிம்மு-பதும்-தார்ச்சா சாலை இணைக்கப்பட்டபோது, ஜான்ஸ்கரின் தனிமை பெருமளவு குறைந்தது.

இப்படிப்பட்ட ஊர்களில்தான் தேர்தல் நடக்கிறது. சில கிராமங்களுக்கு ஹெலிகாப்டரில் போகிறார்கள். மிக உயரமான வாக்குச்சாவடிகளுக்குப் போகும் அதிகாரிகள், வாக்கு இயந்திரத்தோடு ஆக்சிஜன் சிலிண்டரையும் எடுத்துச் செல்கிறார்கள். இத்தனைக்கும் 2024-ல் பதிவான வாக்கு 70 சதவிகிதத்துக்கும் மேல். சாலையும் பஸ்ஸும் வீட்டு வாசலில் பூத்தும் இருக்கும் நம் பெருநகரங்கள் இந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

எம்.பி-யின் வேலையும் லேசானது அல்ல. தொகுதி மேம்பாட்டு நிதி எல்லா எம்.பி-க்கும் ஆண்டுக்கு ஒரே 5 கோடி ரூபாய்தான். ஆனால் இங்கே கட்டட வேலை செய்யத் தோதான காலம் வருடத்தில் ஐந்தாறு மாதம் மட்டுமே. சிமென்ட் மூட்டை ஒவ்வொன்றும் கணவாய் ஏறித்தான் வர வேண்டும்.

எதிரெதிர் துருவங்கள் ஒன்று சேர்ந்தன

லேயும் கார்கிலும் ஒரே மேடையில் நிற்கும் என்று பத்து வருடம் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது அது நடந்திருக்கிறது. லே உச்ச அமைப்பும் கார்கில் ஜனநாயகக் கூட்டணியும் சேர்ந்து நான்கு கோரிக்கைகளை வைத்தன. மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணை, லடாக்குக்குத் தனித் தேர்வாணையம், லேக்கு ஒன்று கார்கிலுக்கு ஒன்று என இரண்டு மக்களவைத் தொகுதிகள். லே உச்ச அமைப்பின் தலைவர் யார் தெரியுமா? 36 ஓட்டில் ஜெயித்து, 2018-ல் கட்சியையும் எம்.பி பதவியையும் உதறிய அதே துப்ஸ்தான் சேவாங்!

போராட்டத்தின் முகமாக நாடு அறிந்தவர் கல்வியாளர் சோனம் வாங்சுக். '3 இடியட்ஸ்' படத்தின் நாயகன் பாத்திரத்துக்கு, அதாவது தமிழில் 'நண்பன்' படத்தில் விஜய் நடித்த பாத்திரத்துக்கு, தூண்டுதலாகப் பேசப்படுபவர். 2024 மார்ச்சில் உறைபனியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2025 செப்டம்பரில் மறுபடி உண்ணாவிரதம் தொடங்கியது. செப்டம்பர் 24 அன்று லே நகரில் வன்முறை வெடித்தது. கட்டடங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் ராணுவ வீரர். இரண்டு நாள் கழித்து வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார்.

மத்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024-ல் ஐந்து புதிய மாவட்டங்களை அறிவித்தது. 2025 ஜூனில் வேலைவாய்ப்பில் 85 சதவிகித இடஒதுக்கீடு, மலைக் கவுன்சில்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, போட்டி, புர்கி உள்ளிட்ட மொழிகளுக்கு அங்கீகாரம் ஆகியவற்றைக் கொண்டுவந்தது. எல்லையை ஒட்டிய, மக்கள் மிகக் குறைந்த இடத்துக்கு மாநில அந்தஸ்து தேவையா என்பது அரசுத் தரப்பில் இருக்கும் தயக்கம். எல்லையில் காவலுக்கு நிற்பதில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்களே, எங்களை நம்பக் கூடாதா என்பது மக்களின் கேள்வி.

போகிறவர்கள் கவனத்துக்கு

லே விமான நிலையமே 10,600 அடிக்கு மேல். இறங்கியதும் இரண்டு நாள் ஓய்வு கட்டாயம்; தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் பெரும்பாலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துச் செல்வது நல்லது. ஹான்லே, பாங்காங் போன்ற எல்லைப் பகுதிகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். தண்ணீர் அங்கே பொன் மாதிரி, சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். யாரைப் பார்த்தாலும் 'ஜூலே' என்று சொல்லுங்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தை போதும்.

துர்துக் வரை போக முடிந்தால் போய்வாருங்கள். 1971 போர் வரை பாகிஸ்தான் வசம் இருந்த கிராமம் அது. போர் முடிந்தபோது மக்கள் தங்கள் வீட்டிலேயேதான் இருந்தார்கள், ஆனால் நாடு மாறியிருந்தது. சொந்தபந்தம் கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கிப்போனது. தங்களைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவு ஒரு ஊரை என்ன செய்யும் என்று அந்தக் கிராமத்துக்குத் தெரியும். அங்கேயும் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் போடுகிறார்கள்.

அடுத்த மக்களவைத் தேர்தலுக்கும் வர்ஷியைத் தேடி அதிகாரிகள் போவார்கள். அந்த ஐந்து பேரும் வந்து விரலில் மை வைத்துக்கொள்வார்கள். பூத்தைப் பிரித்து மூட்டை கட்டிய பிறகும் அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு சபை இருக்குமா என்பதுதான் லடாக் கேட்கும் கேள்வி.